மேய்ச்சல் மாடுகளில் ஈக் கட்டுப்பாடு

மேய்ச்சல் மாடுகளில் ஈக் கட்டுப்பாடு என்பது, வெளியில் மேய்ந்து திரும்பும் பசு, எருமை, காளை ஆகியவற்றைத் தாக்கும் ஈக்களின் எண்ணிக்கையை, மாட்டுக்கும் பாலுக்கும் நீர்நிலைக்கும் கேடு வராத வகையில் குறைக்கும் முறைகளைக் குறிக்கும். ஈக்களை அடியோடு ஒழிப்பது இயலாது. அவை பெருகும் இடத்தை அறிந்து அங்கேயே தடுப்பதுதான் நிலைத்த பயன் தரும். மாட்டின் மேல் நாம் காணும் ஈ, வளர்ச்சி முடிந்த ஈ. அதன் முட்டைப் பருவமும் புழுப் பருவமும் கூட்டுப்புழுப் பருவமும் சாணத்திலோ, நனைந்த வைக்கோலிலோ, ஏரிக்கரைச் சேற்றிலோ கழிந்திருக்கும். எந்த ஈ எங்கே பெருகுகிறது என்று தெரியாமல் மருந்து தெளிப்பவர், ஒவ்வொரு மாதமும் தெளித்துக்கொண்டே இருக்க நேரும்.

காஞ்சிபுரம் மாவட்டத்தில் குன்றத்தூர் முதல் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரை உள்ள பகுதி இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். இங்கு மேய்ச்சல் நிலம் சுருங்கிவிட்டது. மாடுகள் இன்னும் இருக்கின்றன.

குன்றத்தூர் வட்டாரத்தின் மேய்ச்சல் நிலை

சேக்கிழார் பிறந்த ஊரான குன்றத்தூர், செம்பரம்பாக்கம் ஏரிக்கு அருகில் உள்ளது. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை 'ஏரி மாவட்டம்' என்றே அழைத்தனர். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்தது. நெல்லோடு வைக்கோல் கிடைத்தது. வைக்கோலை நம்பி வீட்டுக்கு வீடு மாடு இருந்தது. அறுவடை முடிந்த தாள்வயல், கோடையில் வற்றிய ஏரியின் உள்வாய், மேய்க்கால் புறம்போக்கு ஆகியவை மாடுகளின் மேய்ச்சலிடங்களாக இருந்தன.

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் தொழிற்சாலை 1998-ல் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் தொழிற்சாலை 2010-ல் திறக்கப்பட்டது. அவற்றைச் சுற்றி உதிரிபாக ஆலைகளும் கிடங்குகளும் குடியிருப்புகளும் எழுந்தன. இன்று இப்பகுதியில் மாடுகள் மேய்வது பெரும்பாலும் கட்டடம் எழாத மனைகள், சாலையோரம், கால்வாய்க் கரை, ஏரி உள்வாய் ஆகிய இடங்களில்தான்.

இந்த மாற்றம் ஈக்களுக்கு மூன்று வகையில் வசதியாக அமைந்தது. முதலாவது, பரந்த வெளியில் சிதறிக் கிடந்த சாணம் இப்போது சில இடங்களில் மட்டும் குவிகிறது. இரண்டாவது, சமையல் எரிவாயு பரவிய பின் வறட்டியின் தேவை குறைந்ததால், மேய்ச்சலிடத்தில் கூடை வைத்துச் சாணம் பொறுக்குவோர் அருகிவிட்டனர். மூன்றாவது, குப்பை மேடுகளும் வடிகால் இல்லாத தேக்கங்களும் பெருகிவிட்டன.

மாலையில் மாடுகள் தார்ச்சாலையில் வந்து படுப்பதற்கு, உலர்ந்த தரையும், வாகனங்கள் எழுப்பும் காற்றில் ஈ அண்டாமல் இருப்பதும் காரணங்கள் என்று மாடு வளர்ப்போர் கூறுவர். கனரக லாரிகள் ஓயாது செல்லும் சாலைகளில் இது மாட்டுக்கும் ஆபத்து, இரவு வேலை முடிந்து இருசக்கர வாகனத்தில் வீடு திரும்புவோருக்கும் ஆபத்து.

மாடுகளைத் தாக்கும் ஈ வகைகள்

எல்லா ஈயும் ஒன்றல்ல. ஈ மாட்டின் உடலில் எந்த இடத்தில் அமர்கிறது என்பதைப் பார்த்தே அதன் வகையைப் பெரும்பாலும் கண்டுகொள்ளலாம்.

வீட்டு ஈ: இதன் அறிவியல் பெயர் மஸ்கா டொமஸ்டிகா. இது கடிக்காது; நக்கி உறிஞ்சும். மாட்டின் கண்ணீர், மூக்குச் சளி, எச்சில், புண்ணின் கசிவு ஆகியவற்றைத் தேடி முகத்தில் மொய்க்கும். சாணத்திலும் குப்பையிலும் அழுகும் தீவனத்திலும் முட்டையிடும். வெயில் காலத்தில் முட்டையிலிருந்து ஈயாக 7 முதல் 10 நாட்கள் போதும்.

எருமை ஈ: ஹீமட்டோபியா எக்சிகுவா எனப்படும் இது, வீட்டு ஈயில் பாதி அளவே இருக்கும். பகலும் இரவும் மாட்டின் முதுகு, தோள், வயிறு ஆகியவற்றில் கூட்டமாக இருந்து, ஒரு நாளில் பல முறை இரத்தம் குடிக்கும். முட்டையிட மட்டுமே மாட்டை விட்டு இறங்கும். அப்போதுதான் போட்ட, ஆறாத சாணமே இதற்கு வேண்டும். ஆகவே தொழுவத்தை எவ்வளவு துப்புரவாக வைத்தாலும், மேய்ச்சலிடத்துச் சாணம் அப்படியே கிடந்தால் இந்த ஈ குறையாது.

தொழுவ ஈ: ஸ்டோமாக்சிஸ் கால்சிட்ரன்ஸ் எனப்படும் இதைப் பார்த்தால் வீட்டு ஈ போலவே இருக்கும். ஆனால் தலையின் முன்னே ஊசி போன்ற உறிஞ்சுகுழல் நீட்டிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் மாட்டின் கால்களில் கடிக்கும். மாடு நின்ற இடத்திலேயே காலை உதைத்துக்கொண்டிருந்தால் இதைச் சந்தேகிக்கலாம். சில நிமிடங்கள் இரத்தம் குடித்துவிட்டு, சுவரிலோ வேலியிலோ போய் அமர்ந்துகொள்ளும். மூத்திரமும் சாணமும் ஊறிய வைக்கோல், மழையில் நனைந்த போரின் அடிப்பகுதி ஆகியவை இது பெருகும் இடங்கள்.

குதிரை ஈ: டபானஸ் இனத்தைச் சேர்ந்த பெரிய ஈ. பெண் ஈ மட்டுமே இரத்தம் குடிக்கும். தோலைக் கத்தி போல் அறுத்துக் கசியும் இரத்தத்தைக் குடிப்பதால் கடி மிகவும் வலிக்கும். ஈ பறந்த பிறகும் இரத்தம் வழியும். இதன் புழு ஏரிக்கரை, குளக்கரை, கால்வாய் ஓரச் சேற்றில் வளரும்.

தட்டை ஈ: ஹிப்போபோஸ்கா மாக்குலாட்டா எனப்படும் இது, தோல் போன்ற உறுதியான உடலோடு வாலடியிலும் தொடை இடுக்கிலும் ஒட்டிக்கொண்டிருக்கும், விரட்டினாலும் நண்டு போல் பக்கவாட்டில் நகரும். இது முட்டையிடுவதில்லை. முழுதும் வளர்ந்த புழுவையே ஒவ்வொன்றாக உலர்ந்த மண்ணிலும் சுவர் வெடிப்பிலும் ஈன்றுவிடும். சாணத்தை அகற்றுவதால் இது குறையாது. தொழுவத்தின் வெடிப்புகளைப் பூசி அடைப்பதும், மாட்டைத் தேய்த்துக் கழுவும்போது கையால் பிடித்து நசுக்குவதும் உதவும்.

திருகுப்புழு ஈ: கிரைசோமியா பெசியானா எனப்படும் பளபளப்பான நீலப்பச்சை ஈ. உயிருள்ள விலங்கின் புண்ணோரத்தில் முட்டையிடும். 'புண்ணில் புழு வைத்துவிட்டது' என்று சொல்வது பெரும்பாலும் இதனால்தான்.

ஈக்களால் ஏற்படும் இழப்பு

ஒரு ஈ குடிக்கும் இரத்தம் சிறிது. நூற்றுக்கணக்கான ஈக்கள் நாள் முழுதும் கடிக்கும்போது, மாடு மேய்வதை விட்டுவிட்டு வாலை வீசுவதிலும் தலையை உதறுவதிலும் நேரத்தைக் கழிக்கிறது. தீவனம் குறைகிறது, அசைபோடும் நேரம் குறைகிறது, பால் குறைகிறது. கறக்கும்போது மாடு உதைப்பதற்கும் பல வேளைகளில் ஈயே காரணம்.

நோய் பரப்புதல் அதைவிடப் பெரிய கேடு. குதிரை ஈயும் தொழுவ ஈயும் ஒரு மாட்டைக் கடித்து, பாதியில் விரட்டப்பட்டு, அடுத்த மாட்டில் அமரும்போது வாயில் ஒட்டிய இரத்தத்தோடு நோய்க்கிருமியையும் கொண்டு செல்கின்றன. சர்ரா நோய் இவ்வாறு பரவுவதே. அதன் கிருமியான டிரிப்பனோசோமா எவான்சியை, கிரிஃபித் எவான்ஸ் என்னும் கால்நடை மருத்துவர் 1880-ல் பஞ்சாப் பகுதியில் கண்டறிந்தார். கிருமியின் பெயர் அவர் பெயரால் அமைந்தது.

அண்மைக் காலத்தில் ஈயின் தீமையை நாடறியச் செய்தது தோல் கழலை நோய். உடலெங்கும் கழலைகள் தோன்றும் இந்த நச்சுயிரி நோய், கடிக்கும் ஈ, கொசு, உண்ணி ஆகியவற்றால் பரவுகிறது. இந்தியாவில் 2019-ல் ஒடிசாவில் முதலில் பதிவானது. 2020-ல் தமிழ்நாட்டிலும் காணப்பட்டது. 2022-ல் ராஜஸ்தான், குஜராத் உள்ளிட்ட மாநிலங்களில் கடுமையாகப் பரவியபோது, நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மாடுகள் இறந்தன. ஆட்டம்மைத் தடுப்பூசி மாடுகளுக்கும் போடப்பட்டது. ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையமும் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனமும் உருவாக்கிய 'லம்பி-புரோவாக்-இண்ட்' தடுப்பூசி 2022 ஆகஸ்டில் வெளியிடப்பட்டது. தடுப்பூசியோடு ஈக் கட்டுப்பாடும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு முழுமையாகும்.

இவை தவிர, முகத்தில் மொய்க்கும் ஈக்கள் கண்நோயையும் கண்புழுவையும் பரப்பும். காம்பில் அமரும் ஈக்கள் மடிநோய்க் கிருமிகளைக் கொண்டு சேர்க்கும்.

எப்போது நடவடிக்கை தேவை

சில ஈக்கள் எப்போதும் இருக்கும்; அவற்றுக்காகச் செலவு செய்யத் தேவையில்லை. வட அமெரிக்காவில், எருமை ஈயின் நெருங்கிய உறவான கொம்பு ஈக்கு, மாடு ஒன்றுக்கு 200 ஈ என்பதைப் பொருளாதார இழப்பின் எல்லையாகக் கொள்கின்றனர். தொழுவ ஈயைப் பொறுத்தவரை, ஒரு முன்னங்காலில் 5 ஈ என்பதே கவலைக்குரிய அளவு. எண்ணிக்கையில் இவ்வளவு வேறுபாடு இருப்பதற்குக் காரணம் உண்டு. கொம்பு ஈ எந்நேரமும் மாட்டின் மேலேயே இருப்பதால் அதை முழுமையாக எண்ண முடியும். தொழுவ ஈயோ குடித்து முடித்ததும் போய்விடுவதால், நாம் காண்பது அதன் சிறு பகுதியே.

காலை நேரத்தில், வாரம் ஒரு முறை, அதே மாடுகளின் முதுகையும் முன்னங்கால்களையும் பார்த்து எண்ணிக் குறித்து வைத்தால், எடுத்த நடவடிக்கை பலன் தந்ததா என்பது தெரியும். பள்ளி மாணவர்கள் எளிதாகச் செய்யக்கூடிய களப்பணி இது.

சாண மேலாண்மை

ஈக் கட்டுப்பாட்டின் அடிப்படை இதுவே. ஒரு பெண் வீட்டு ஈ ஒரு முறையில் 100 முட்டை இடுவதாகவும், அவற்றில் பாதி பெண் ஈக்கள் எனவும் கொள்வோம். முதல் தலைமுறையில் 100 ஈக்கள். அவற்றில் பெண் ஈக்கள் 50. அவை இட்டால் 5,000. அவற்றில் பெண் ஈக்கள் 2,500. மூன்றாம் தலைமுறையில் 2,50,000. வெயில் காலத்தில் இதற்கு ஒரு மாதமே போதும். பறவைகளும் வண்டுகளும் வெயிலும் பெரும்பகுதியை அழிப்பதால் கணக்கு நடைமுறையில் இந்த அளவை எட்டுவதில்லை. எனினும் முதல் வாரத்தில் அகற்றும் ஒரு கூடைச் சாணம், பிறகு தெளிக்கும் பல லிட்டர் மருந்தைவிட மதிப்புடையது என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

புழு ஈயாக மாறுவதற்கு முன் சாணத்தை அகற்றவோ உலர்த்தவோ வேண்டும். அதாவது, எந்தச் சாணமும் ஈரமாக ஒரே இடத்தில் ஒரு வாரம் கிடக்கக் கூடாது. இதற்கு மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, உலர்த்துதல். கோடையில் சாணத்தைக் குச்சியால் கலைத்து மெல்லியதாகப் பரப்பினால் வெயிலில் காய்ந்து புழுக்கள் மடியும். வறட்டி தட்டுவதும் இவ்வகையே. மழைக்காலத்தில் பரப்புவது பயன் தராது. ஈரம் இன்னும் பரவவே செய்யும்.

இரண்டாவது, எருக்குழி. குவித்து வைத்த சாணம் மக்கும்போது உள்ளே வெப்பம் 60 டிகிரி செல்சியஸ் வரை உயரும். அதில் புழு பிழைக்காது. குவியலின் மேற்பரப்பும் ஓரமும் குளிர்ந்தே இருப்பதால் புழுக்கள் அங்கே நகர்ந்துகொள்ளும். ஆகவே மேலே மண்ணிட்டோ தார்ப்பாய் போட்டோ மூட வேண்டும். அல்லது வாரம் ஒரு முறை புரட்டிவிட வேண்டும். குழியில் மழைநீர் தேங்காதபடி வரப்பு கட்டுவதும் அவசியம்.

மூன்றாவது, சாண எரிவாயுக் கலன். புதிய சாணம் உடனே மூடிய கலனுக்குள் போய்விடுவதால் ஈ முட்டையிட வாய்ப்பே இல்லை.

தொழுவத்தில் மூத்திரம் வடியச் சாய்தளம் அமைப்பதும், மாடு கழித்துப்போட்ட வைக்கோலைத் தினமும் கூட்டி எடுப்பதும், வைக்கோல் போரைக் கல் அல்லது கட்டை மேல் உயர்த்தி அமைப்பதும் தொழுவ ஈயைக் குறைக்கும்.

இயற்கை எதிரிகள்

சாண வண்டுகள் புதிய சாணத்தைச் சில நாட்களுக்குள் சிதைத்து மண்ணுக்குள் கொண்டு செல்கின்றன. ஈப்புழு வளரச் சாணமே மிஞ்சாது. இதன் அருமையை ஆஸ்திரேலியா தாமதமாக உணர்ந்தது. 1788-ல் ஐரோப்பியர் அங்கு மாடுகளைக் கொண்டு சென்றனர். அந்நாட்டு வண்டுகளோ கங்காரு போன்றவற்றின் உலர்ந்த சிறு புழுக்கைகளுக்குப் பழகியவை. மாட்டுச் சாணம் மாதக்கணக்கில் கிடந்து ஈக்களைப் பெருக்கியது. ஜார்ஜ் போர்னமிஸ்ஸா என்னும் அறிவியலாளரின் முயற்சியால் வெளிநாட்டுச் சாண வண்டுகள் 1968 முதல் அங்கு விடப்பட்டன. நம் மண்ணிலோ அவை முன்பிருந்தே உள்ளன. ஐவர்மெக்டின் போன்ற மருந்து செலுத்தப்பட்ட மாட்டின் சாணத்தில் அம்மருந்தின் எச்சம் வெளிவந்து வண்டின் புழுக்களைக் கொல்வதால், அதைத் தேவையின்றிப் பயன்படுத்தக் கூடாது.

மாட்டோடு நடக்கும் உண்ணிக்கொக்கு, மாட்டின் முதுகில் அமரும் கரிச்சான், மைனா ஆகியவை ஈக்களையும் பிற பூச்சிகளையும் உண்ணும். கொட்டகைக் கோழிகள் சாணத்தைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்கும். கூட்டுப்புழுவுக்குள் முட்டையிட்டு அதைக் கொல்லும் சிறு ஒட்டுண்ணிக் குளவிகளும் உண்டு. எருக்குழியின் மேல் பூச்சிக்கொல்லி தெளித்தால் இவையும் சேர்ந்தே அழியும்.

பொறிகளும் பிற தடுப்புகளும்

வெல்லக் கரைசல் வைத்த பொறியில் வீட்டு ஈ சிக்கும். இரத்தம் குடிக்கும் ஈக்கள் வெல்லத்துக்கு வருவதில்லை. தொழுவ ஈக்கும் குதிரை ஈக்கும் நீலம், கறுப்பு நிறத் துணிகளால் ஆன பொறிகள் பொருத்தமானவை.

எருமை ஈ, கொம்பு ஈ ஆகியவற்றுக்கு, மாடு நடந்து கடக்கும் பொறி அமெரிக்காவில் 1930-களில் உருவாக்கப்பட்டது. குறுகிய வழியில் தொங்கும் துணித் திரைகள் மாட்டின் முதுகை உரசி ஈக்களை எழுப்பும். வெளிச்சத்தை நோக்கிப் பறக்கும் ஈக்கள் பக்கவாட்டு வலைக் கூண்டில் மாட்டிக்கொள்ளும். தினமும் ஒரே வாயில் வழியாகப் பட்டிக்குத் திரும்பும் மாடுகளுக்கு இது மருந்தில்லாத நல்ல முறை.

ஜப்பானில் கறுப்பு மாடுகள் மேல் வரிக்குதிரை போல் வெள்ளைக் கோடுகள் வரைந்து செய்த ஆய்வு 2019-ல் வெளியானது. கோடு வரைந்த மாடுகளில் அமர்ந்த கடிக்கும் ஈக்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தன. தொழுவத்தில் மின்விசிறி வைப்பதும் பலன் தரும். வேகமான காற்றில் சிறு ஈக்களும் கொசுக்களும் அமர முடியாது.

வேப்பிலை, நொச்சி இலை ஆகியவற்றால் மாலையில் மூட்டம் போடுவது பழைய வழக்கம். புகை இருக்கும் வரை ஈ விலகும், பெருக்கம் குறையாது. காற்றோட்டம் இல்லாத கொட்டகையில் அடர்ந்த புகை, கன்றுகளின் மூச்சுக்குக் கேடு. சோப்புக் கரைசலில் கலக்கிய வேப்பெண்ணெயை உடலில் தெளிப்பதும் சில மணி நேரம் ஈயை விரட்டும்.

பூச்சிக்கொல்லிகள்

டெல்டாமெத்ரின், சைப்பர்மெத்ரின் போன்றவை மாட்டின் மேல் தெளிக்கப் பயன்படுகின்றன. ஈக்கள் அளவுமீறிப் பெருகும்போதும், தோல் கழலை போன்ற நோய் பரவும்போதும் இவை தேவைப்படும். எல்லா மாதமும் ஒரே மருந்தைத் தெளித்தால் ஈக்களுக்கு எதிர்ப்புத் திறன் வந்துவிடும். அமெரிக்காவில் 1980-களில் பூச்சிக்கொல்லி கலந்த காதுவில்லைகள் பரவலாகப் பயன்பட்ட சில ஆண்டுகளுக்குள்ளேயே கொம்பு ஈக்கள் அவற்றுக்கு அசையாதவை ஆயின.

மருந்தின் அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டே கலக்க வேண்டும். பயிருக்கு வாங்கிய மருந்தை மாட்டுக்குத் தெளிக்கக் கூடாது. கறந்து முடித்த பிறகு தெளித்து, அடுத்த கறவைக்கு முன் மடியைக் கழுவ வேண்டும். கண், வாய், புண் ஆகியவற்றில் படக் கூடாது. தெளிப்பதற்கு முன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினால், உடலை நக்குவது குறையும். மருந்துக்குரிய பால் விலக்கு நாட்கள் முடியும் வரை பாலை விற்கவோ குடிக்கவோ கூடாது.

குன்றத்தூர் வட்டாரத்தில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. மருந்து தெளித்த மாட்டை ஏரியிலோ குளத்திலோ இறக்கிக் குளிப்பாட்டக் கூடாது. தெளிப்பானையும் அங்கே கழுவக் கூடாது. இவ்வகை மருந்துகள் மிகக் குறைந்த அளவிலேயே மீன்களைக் கொல்லும். செம்பரம்பாக்கம் ஏரி சென்னை மக்களின் குடிநீர் ஆதாரமுமாகும்.

புழுப்புண் பராமரிப்பு

மூக்கணாங்கயிறு உரசிய புண், கொம்புக் காயம், கன்றின் தொப்புள், கோமாரி வந்த குளம்பின் இடுக்கு ஆகியவை திருகுப்புழு ஈ நாடும் இடங்கள். முட்டை ஒரு நாளுக்குள் பொரிந்து, புழுக்கள் சதைக்குள் தலையைப் புதைத்துத் தின்னத் தொடங்கும். 6 அல்லது 7 நாட்களில் மண்ணில் விழுந்து கூட்டுப்புழுவாகும்.

தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் பரப்பிவரும் மரபுவழி மருத்துவத்தில், புண்ணுக்கான எண்ணெய் ஒன்று உள்ளது. குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி இலை ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள் தூள் 20 கிராம் ஆகியவற்றை அரைத்து, 500 மி.லி. தேங்காய் எண்ணெய் அல்லது நல்லெண்ணெயில் காய்ச்சி ஆறவைத்துப் பூச வேண்டும். புழு இருந்தால், முதல் நாள் மட்டும் சீத்தா இலை விழுதையோ கற்பூரம் கலந்த தேங்காய் எண்ணெயையோ இட்டுப் புழுக்களை வெளியேற்ற வேண்டும். எடுத்த புழுக்களை மண்ணில் போடாமல் கொதிநீரில் இட்டு அழிக்க வேண்டும். ஆழமான புண்ணுக்கு மருத்துவரை அழைப்பதே முறை.

பருவத்துக்கேற்ற பணிகள்

பங்குனி முதல் வைகாசி வரை: வெயிலில் ஈ குறைந்திருக்கும். எருக்குழியைக் காலி செய்தல், சுவர் வெடிப்புகளைப் பூசுதல், வடிகாலைச் சீரமைத்தல்.

ஆனி முதல் புரட்டாசி வரை: மாலை மழையோடு ஈ பெருகத் தொடங்கும். வாரந்தோறும் ஈ எண்ணுதல், பொறி வைத்தல், மேய்ச்சலிடத்துச் சாணத்தை அகற்றுதல், தடுப்பூசி போடுதல்.

ஐப்பசி முதல் மார்கழி வரை: வடகிழக்குப் பருவமழைக் காலம். எருக்குழியை மூடி வைத்தல், வைக்கோலை நனையாமல் காத்தல், சேற்றுக்கரையில் மேய்ச்சலைத் தவிர்த்தல், புண்களைத் தினமும் பார்த்தல்.

தை, மாசி: ஈரம் வற்றும் காலம். பொங்கலுக்குத் தொழுவத்தைத் துப்புரவு செய்யும் வழக்கத்தோடு, மழைக்காலத்தில் அழுகிய வைக்கோல் முழுவதையும் அகற்றுதல்.

கூட்டுப் பொறுப்பு

ஈக்கள் வேலி தாண்டி, கிலோமீட்டர் கணக்கில் பறக்கக் கூடியவை. ஒரு வீட்டார் மட்டும் தொழுவத்தைக் கூட்டி வைத்தால், அடுத்த தெருவின் ஈ அங்கு வந்து சேரும். பொதுவிடத்தில் மேயும் மாடுகளின் சாணம் யாருடையது என்ற கேள்வியும் எழும். ஆகவே ஊர் முழுவதும் ஒரே வாரத்தில் சாணத்தை அகற்றுவதே பலனளிக்கும். பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம், மாடு வளர்ப்போர் தினமும் கூடும் இடம் என்பதால், இத்தகைய ஏற்பாட்டுக்கு ஏற்றது. அகற்றும் சாணத்தை எருவாகவோ மண்புழு உரமாகவோ விற்றால் உழைப்புக்கும் ஊதியம் கிடைக்கும்.

ஆலோசனைக்கு அரசு கால்நடை மருந்தகங்கள் உள்ளன. நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை 1962 என்ற எண்ணில் அழைக்கலாம். 1989-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் அருகிலுள்ள காட்டுப்பாக்கத்தில் இயங்குகின்றன. மேய்ச்சல் நிலம் இனி விரிவடைய வாய்ப்பில்லாத இப்பகுதியில், எஞ்சியிருக்கும் சிறு வெளியைச் சாணம் தேங்காமல் காப்பது மாடு வளர்ப்பு தொடர்வதற்கே அடிப்படைத் தேவையாகும்.